அம்மா வீட்டுக்குப் போ

அலெக்சாந்திரியா
6 அக்டோபர் 1996

இன்ஷிராஹ்,

ஸலாம். நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் புருஷன், என் தம்பி வஹ்தான், இங்கேதான் இருக்கிறான். தும்யாத்திலிருந்து ஒரு பையோடு வந்தவன், என் முன்னறைச் சோபாவில் விழுந்து கிடக்கிறான். நாற்காலிக் கால்களுக்குத் தங்கத் தாள் ஒட்டுகிற கை, தேநீர்க் குவளையைச் சிந்தாமல் பிடிக்கமாட்டேன் என்கிறது. "ஏன்டா வந்தே?" என்று கேட்டேன். "நான் அவளைத் தலாக் சொல்லிட்டேன்க்கா. இனி அந்த வீட்டுல இருந்தா ஹராம்" என்றான். எப்போது சொன்னாய், எப்படிச் சொன்னாய் என்றால் ஞாபகம் இல்லையாம். ஞாபகமே இல்லாமல் பெண்டாட்டியைத் தலாக் சொன்ன ஒரே ஆண்பிள்ளை என் வீட்டில்தான் பிறந்திருக்கிறான்.

எங்கள் தெருப் பள்ளிவாசல் இமாமிடம் கூட்டிப்போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலாக் ஆகலை மகனே, வீட்டுக்குப் போ" என்றார். வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தான். செருப்பைப் போடும்போது முகம் செத்துவிட்டது. "நான் அவர்கிட்ட முழுசாச் சொன்னேனாக்கா? எதையாவது விட்டுட்டேனோ?" திரும்ப உள்ளே போனான். மறுபடியும் போனான். கடைசியில் இமாம் பின்கதவு வழியாகப் போய்விட்டார். நான் தெருவில் நின்று வெட்கத்தில் கருகினேன்.

நம் குடும்பத்தில் யாரும் பைத்தியக்கார டாக்டரிடம் போனதில்லை. நான் போனேன். தவ்லத் என்று ஒரு அம்மாள், மனநல மருத்துவர். அக்கம்பக்கத்தில் தம்பிக்குச் சிறுநீரகக் கல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி தினமும் வோக்கோசுத் தழைக் கஷாயம் கொண்டுவந்து தருகிறாள், அவனும் பாவம் குடிக்கிறான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே போன் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மணி அடித்தால் அவன் பிடுங்கி, 'நான் சொன்னேனா, சொல்லலையா' என்று உன்னைக் கேட்பான், நீ பதில் சொல்வாய், அந்தப் பதில்தான் வியாதிக்குத் தீனியாம். அதனால் இதைத் தும்யாத்துக்கு ஆள் ஏற்றி வரும் பெஜோ டாக்சிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அவனை நீ என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது.

கரீமான்


தும்யாத்
12 அக்டோபர்

அன்புள்ள மதினி,

அவர் உங்களிடம் இருக்கிறார் என்று தெரிந்து உட்கார்ந்து அழுதேன். எங்கே போனார் என்று தெரியாமல் ஆற்றங்கரைவரை தேடியிருக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். இந்த வீட்டில் எப்படி வாழ்ந்தோம் என்று முதலில் சொல்கிறேன். உங்களிடம் மறைத்தது என் தப்புதான். பெருநாளுக்கு வரும்போதெல்லாம் புது உடுப்பும் சிரிப்புமாக வந்து போனோம், நீங்களும் நம்பினீர்கள்.

இவர் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் கோபத்தில் பெண்டாட்டியைப் பார்த்து "போடி உன் அம்மா வீட்டுக்கு" என்று சொல்லி, அவர் மனசில் தலாக் என்ற எண்ணம் இருந்ததால் அது தலாக்காகவே ஆகிவிட்டது. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்துதான் இவருக்கு ஆரம்பித்தது. எண்ணத்தோடு சொன்னால் சாதாரண வார்த்தையும் தலாக் ஆகிவிடும் என்று சட்டம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துப் "போ" என்று சொல்லமாட்டார். என் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே நான் போக வேண்டுமென்றால் வேறு யாராவது சொல்ல வேண்டும். "முடிஞ்சது", "விட்டுடு", "கதவைத் திற" எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. ஒருநாள் உப்பு கேட்டார். கேட்டுவிட்டு வந்து, "அப்ப என் மனசுல அந்த எண்ணம் இருந்துச்சா இன்ஷிராஹ்? என் முகத்தைப் பார்த்தியே, உனக்கு என்ன தோணுச்சு?" என்றார். உப்புக்கு, மதினி.

நான் ஒவ்வொரு தடவையும் "இல்லைங்க, ஒண்ணும் ஆகலை" என்பேன். அவருக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் நிம்மதி. பிறகு மறுபடியும்.

இப்போது கீழ்வீட்டு உம்மு ஃபத்ஹி படியில் என்னை நிறுத்தி, "இத்தா இருக்கியா மகளே? தலாக் ஆனவ மூணு மாசம் வெளியே வரக் கூடாதே" என்கிறாள். தக்காளி வாங்கப் போவதற்குக்கூட எனக்கு உடம்பு கூசுகிறது.

அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்ஷிராஹ்


அலெக்சாந்திரியா
25 அக்டோபர்

இன்ஷிராஹ்,

உப்புக் கதையைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். டாக்டர் தவ்லத் மாத்திரை கொஞ்சம் கொடுத்தார். மீதியெல்லாம் வீட்டுப்பாடம். பயப்படுகிற வார்த்தைகளைச் சின்னதிலிருந்து பெரியதுவரை அவனே வரிசைப்படுத்தினான். சின்னதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு யாரிடமும் கேட்கக் கூடாது, மனசுக்குள் திருப்பிப் பார்க்கக் கூடாது, பரிகாரமாக எதையும் ஓதக் கூடாது. நடுக்கம் வந்தால் வரட்டும், தானாக இறங்கும்வரை அதிலேயே இருக்க வேண்டும். கடலில் இறங்கினால் முதலில் உடம்பு விறைக்கிறதே, கரைக்கு ஓடாமல் நின்றால் அடங்குகிறதே, அதுபோல என்றார். முதல் நாள் "விட்டுடு" என்று ஒரு வார்த்தை. சட்டை முழுக்க வியர்வை. முழு ஆண்பிள்ளை, என் கண்முன்னால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னைப் பார்க்காதக்கா" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

எதற்கும் மார்க்கம் படித்த ஷைகு ஒருவரை டாக்டரே தன் அறைக்கு வரவழைத்தார். வயதானவர், நல்ல பேச்சு. "இந்த நோய் இருக்கிறவன் வாயில வர்ற வார்த்தைக்குத் தலாக் விழாது. சொல்லியிருந்தாலும் விழாது. எண்ணம் இருந்துச்சா இல்லையான்னு நீ தேடவும் வேண்டாம். ஒரு தடவைதான் சொல்லுவேன். திரும்பக் கேட்டேன்னா நான் செவிடன்" என்றார். வஹ்தான் அவர் கையை முத்தமிட்டான். மறுநாள் காலையில் என்ன கேட்டான் தெரியுமா? "அந்த ஷைகு வேற யாரையோ நினைச்சுச் சொல்லியிருப்பாரோ?"

ஆனால் ஒன்று என்னைக் குடைகிறது. டாக்டர், "கடைசியா என்ன நடந்து வீட்டை விட்டீங்க?" என்று கேட்டபோது அவன், "அவளே சொல்லிட்டா டாக்டர். நான் சொன்னேன்னு அவ வாயாலயே சொல்லிட்டா" என்றான்.

கேட்காதே என்று எழுதினாய். கேட்கிறேன். என் தம்பி அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னானா? உண்மையை எழுது.

கரீமான்


தும்யாத்
31 அக்டோபர்

மதினி,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

வெள்ளிக்கிழமை. அவர் தொழுதுவிட்டு வந்திருந்தார். நான் வாத்து வயிற்றுக்குள் அடைக்க வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் என் சித்தி மகள் கல்யாணம், இரண்டு வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் நாங்கள் போனதில்லை, அன்றைக்குப் போகலாம் என்று அவரே ஒத்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் வந்து நின்று, "காலையில 'சீக்கிரம் கிளம்பு'ன்னு சொன்னேனே, அதுல எண்ணம் இருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். போனார், வந்தார். "சத்தியமா?" சத்தியம் என்றேன். போனார், வந்தார். "அந்த வார்த்தையையே சொல்லிட்டேனோ? முணுமுணுப்பா? நீ பக்கத்துலதானே இருந்தே, சொன்னேனா?" இல்லை, இல்லை, இல்லை. கண்ணெல்லாம் வெங்காயம். கல்யாணத்துக்குப் போகப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் வந்து நின்றார்.

"ஆமா. சொன்னீங்க. என் காதால கேட்டேன். போதுமா?" என்றேன்.

அவர் சொல்லவே இல்லை மதினி. அன்றைக்கும் சொல்லவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் தலையில் துணி இல்லை, வீட்டுக்குள்தானே இருந்தேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்நியப் பெண்ணின் முடியைப் பார்த்துவிட்டவர்போல. சுவரைப் பார்த்தபடியே பையை எடுத்தார், சுவரைப் பார்த்தபடியே போனார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பாதி உண்மை எழுதி என்ன பயன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த நொடியில் எனக்குச் சுகமாக இருந்தது. இத்தனை நாள் குத்தியதை ஒரு தடவை திருப்பிக் குத்தியதுபோல. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அந்தச் சுகம் இருந்தது. நோயாளியை அடித்துவிட்டுச் சந்தோஷப்பட்டவள் நான். உம்மு ஃபத்ஹி என்னை என்ன பார்வை பார்த்தாலும் தகும்.

இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பொய் சொன்னது நான்தான் என்று தெரிந்தால் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்.

இன்ஷிராஹ்


அலெக்சாந்திரியா
9 நவம்பர்

இன்ஷிராஹ்,

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னைத் திட்டிய திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. நீ என் முன்னால் இருந்திருந்தால் செருப்பு பறந்திருக்கும். அந்தக் கோபத்தோடுதான் அவனிடம் காட்ட எழுந்தேன். குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான், உள்ளே ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டு. இங்கே வந்த பிறகு அவன் பாடி நான் கேட்டதில்லை. கதவைத் தட்ட ஓங்கிய கையை இறக்கிவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். "கொடுக்காதீங்க" என்றார்.

"என்ன டாக்டர் இது! உண்மை கையில இருக்கு. அந்தப் பொம்பளையே எழுதிக் கொடுத்திருக்கா. ஒரு நிமிஷ வேலை."

"ஆமா, ஒரு நிமிஷம்தான். இன்னிக்கு நல்லாத் தூங்குவார். நாளைக்கு எழுந்ததும், 'என்னைத் திரும்பக் கூப்பிடறதுக்காக இப்பப் பொய் சொல்றாளோ'ன்னு கேப்பார். அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க? அதுக்கும் ஒரு சத்தியம் வாங்கித் தருவீங்களா? இத்தனை வருஷமா அவங்க சொன்னதெல்லாம் உண்மைதானே. உண்மையைத்தானே தினமும் சொன்னாங்க. குணமாச்சா?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். ரெண்டும் தெரியாமலே ஒரு மனுஷன் தன் வீட்டுக்குப் போகணும். அதுதான் வைத்தியம். உறுதி கிடைச்ச பிறகு போனா அது வைத்தியம் இல்ல, இன்னொரு ஃபத்வா" என்றார்.

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எப்படி? கேட்டா பதில் சொல்லாம இருக்கீங்களா?" நான் இருக்கவில்லை, இன்ஷிராஹ். டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் டிராமில் அவன் மெதுவாகக் கேட்பான், நானும் காதோடு காதாக, "இல்லடா, ஒண்ணும் ஆகலை" என்பேன். அவன் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு ஆசை. மருந்து கொடுத்த இடத்திலிருந்து மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் விஷத்தை ஊட்டியிருக்கிறேன். உன்னைச் செருப்பால் அடிக்க எனக்கு என்ன யோக்கியதை? நீ சலித்துப்போய்ச் சொன்னாய், நான் கொஞ்சிக்கொண்டு சொன்னேன். டாக்டரிடம் ஒப்புக்கொண்டபோது பள்ளிக்கூடத்துப் பெண்போல நகத்தைக் கடித்தேன்.

இன்னொரு சங்கதி. பெயரையும் ஊரையும் மாற்றி, வஹ்தானின் கதையைத் தன் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்ல டாக்டர் அனுமதி கேட்கிறார். அவன் சரி என்றுவிட்டான். உன் பங்கைச் சொல்ல உன்னைக் கேட்கச் சொன்னார். வேண்டாமென்றால் 'வீட்டார் ஒருவர் பேச்சால் நோய் முற்றியது' என்று முடித்துக்கொள்வாராம்.

உன் கடிதம் மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. அவன் அங்கே கை விடமாட்டான்.

கரீமான்


தும்யாத்
20 நவம்பர்

மதினி,

நான் மன்னிப்புக் கேட்கக்கூட முடியாது என்கிறார் உங்கள் டாக்டர். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் நடந்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவருக்கு நோய். இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிபதியும் கொடுத்திருக்கமாட்டார். என் பாரத்தை இறக்கி வைக்க ஒரே இடம் அவர் தோள், அங்கேதான் வைக்கக் கூடாது.

இரண்டு நாள் டாக்டரைத் திட்டினேன். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள் என்று நான் எழுதியது யாருக்காக? அவர் நிம்மதிக்காகவா, என் நிம்மதிக்காகவா? பதில் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மாணவர்களுக்குச் சொல்லட்டும். 'வீட்டார் ஒருவர்' வேண்டாம். மனைவி என்றே சொல்லட்டும், வெங்காயம் நறுக்கிக்கொண்டு பொய் சொன்னாள் என்றும் சொல்லட்டும். அவர்களில் யாராவது நாளைக்கு டாக்டராகி, என்னைப்போல ஒருத்தியிடம் முன்கூட்டியே போய், "அவர் கேட்டா பதில் சொல்லாதீங்கம்மா, உங்களுக்கும் சலிச்சுப் போகும், அப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டால் போதும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கடிதத்தை எரித்துவிடுங்கள்.

இன்ஷிராஹ்


அலெக்சாந்திரியா
2 ஜனவரி 1997

இன்ஷிராஹ்,

எரித்துவிட்டேன். கொஞ்சம் மாவும் சேர்ந்து கருகியது.

டாக்டர் அவனை ஒலிநாடாவில் பேசிப் பதிய வைத்தார். 'இன்ஷிராஹ், நீ உன் அம்மா வீட்டுக்குப் போ.' அந்த ஒரு வாக்கியம்தான், திரும்பத் திரும்ப. அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வாரம் வாந்தி எடுத்தான். டிசம்பரில் ஒருநாள் பட்டென்று சறுக்கிவிட்டான். எனக்குத் தெரியாமல் வெளியே போய், வழியில் கண்ட பள்ளிவாசலில் எல்லாம் ஃபத்வா கேட்டுவிட்டுக் குடித்தவன்போலத் திரும்பி வந்தான். இனி இவன் தேறமாட்டான் என்று நினைத்தேன். டாக்டர் அசரவில்லை, "சரி, மறுபடி முதல்லேருந்து" என்றார். நானும் டிராமில் வாயைத் திறப்பதில்லை. அவன் கேட்டால் "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்ப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நோகிறது என்று அவனுக்குத் தெரியாது.

போன வாரம் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே சோபாவில் தூங்கிப்போனான். குறட்டையும் 'அம்மா வீட்டுக்குப் போ'வும் சேர்ந்து கேட்டது. எதிர்வீட்டுக்காரி கஷாயத்தோடு வந்து நின்று, "என்ன இது?" என்றாள். "சிறுநீரகக் கல்லுக்குப் புது வைத்தியம்" என்றேன். வாய் தவறி வந்த பொய் இல்லை, வழக்கம். பிறகு என்னவோ தோன்றியது. அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தன் மகனுக்கும் கைகழுவுகிற வியாதி என்று அழுதாள். டாக்டர் விலாசம் கொடுத்தேன்.

இன்று காலை வஹ்தான் பையைக் கட்டினான். "ரமளானுக்கு வீட்டுக்குப் போறேன்க்கா" என்றான். "முடிவு தெரிஞ்சிடுச்சா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "தெரியலை. சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா என் வீடு அதுதான்" என்றான்.

அடுத்த வியாழக்கிழமை வருகிறான். கவனமாக இரு. எதையும் உளறிவிடாதே.

கரீமான்


தும்யாத்
14 ஜனவரி

மதினி,

வந்துவிட்டார். கதவைத் திறக்கும்போது நான் தலையில் துணி போட்டிருந்தேன். அன்று அவர் முகத்தைத் திருப்பியது மறக்கவில்லை, மறுபடி அதைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. உள்ளே வந்து பையை வைத்துவிட்டு, "வீட்டுக்குள்ள எதுக்கு முக்காடு? யாராவது வந்திருக்காங்களா?" என்றார். துணியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவரே துணியை எடுத்து நாற்காலியில் போட்டார். முகத்தைத் திருப்பாமல் என்னைப் பார்த்தார்.

நீங்கள் எவ்வளவு சொல்லி அனுப்பியும், நான் உளறத்தான் போனேன். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்துவிட்டேன். என் வாயில் விரல் வைத்தார்.

"சொல்லாத இன்ஷிராஹ். சொன்னேன்னு சொன்னாலும் சரி, சொல்லலைன்னு சொன்னாலும் சரி, நாளைக்கு நான் இன்னொண்ணு கேப்பேன். உன்னைக் கேட்டுக் கேட்டே கொன்னுட்டேன். அதுக்குத்தான் வெட்கமா இருக்கு. உன் முகத்துல முழிக்கவே வெட்கமா இருந்துச்சு" என்றார்.

அவர் வெட்கப்படுகிறாராம், மதினி. என் முன்னால், அவர். தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடியே வைத்திருக்கிறேன். இது எனக்கு எப்போதும் இருக்கும், இருக்கட்டும்.

நோன்பு தொடங்கிய பிறகு, நேற்று சாயங்காலம் வாத்து சமைத்தேன். பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. என் பாத்திரத்தில் வாத்து அடங்கவில்லை, பெரிய பாத்திரம் அம்மாவிடம் இருக்கிறது. அவர் சமையலறை வாசலில், அதே இடத்தில் வந்து நின்றார். நெற்றியில் வியர்வை. "இன்ஷிராஹ்" என்றார். "நீ உன் அம்மா வீட்டுக்குப் போ" என்றார். கொஞ்சம் நின்று, "போய் அந்தப் பெரிய பாத்திரத்தை வாங்கிட்டு வா" என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உதடு அசைந்தது, கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. ஒன்றும் ஆகலைங்க என்று என் நாக்கும் துடித்தது. நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மேலே துணியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

படியில் உம்மு ஃபத்ஹி நின்றுகொண்டிருந்தாள். நான் முகம் முழுக்க அழுதுகொண்டு இறங்குவதைப் பார்த்து, கையிலிருந்த ஊறுகாய்ப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்ன மகளே, நோன்பு திறக்கிற நேரத்துல எங்கே போறே?" என்றாள்.

"அம்மா வீட்டுக்கு!" என்றேன், மேல்மாடிவரை கேட்கிறமாதிரி. "அவர்தான் போகச் சொன்னார்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். பாத்திரத்தோடு திரும்பி வருவதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள், வாத்தும் ஒரு பக்கம் தீய்ந்துவிட்டது. அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

இன்ஷிராஹ்